யாரும் வாங்காத ஒரு லிட்டர்

தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை கடந்து கோட்டைவாசல் ஏறி ஆரியங்காவில் இறங்கும் சாலை, திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் மலைத் துண்டு. காய்கறியும் ஜல்லியும் எம்-சாண்டும் சிமெண்ட் மூட்டையும் ஏற்றிய லாரிகள் கேரளத்துக்குள் நுழையும் முக்கிய வழிகளில் இது ஒன்று. லாரி ஓடும் சாலை என்றால் ஓரத்தில் பட்டறை இருக்கும். பட்டறை என்றால் முன்தரை கறுத்திருக்கும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் சிந்தத்தானே செய்யும் என்பது ஓட்டுநர், மெக்கானிக், வண்டி முதலாளி மூவரும் பேசாமலே ஒத்துக்கொண்ட முடிவு. சற்றுக் கடுமையாகப் பேசுகிறவர்கள், வேலை செய்யும் பையன்களுக்கு நிதானம் போதாது என்பார்கள். இரண்டு விளக்கமும் பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். ஃபில்டர் மாற்றும்போது சிந்துவதில் பெரும்பங்கு, எங்கே போய்ச் சேர வேண்டும் என்று முன்கூட்டி யாரும் முடிவு செய்யாத ஆயில். யாரும் முடிவு செய்யாததற்குக் காரணம், அதற்கு விலை இல்லை.

பட்டறையின் வரவுசெலவைக் கவனித்தால் இது தெரியும். இன்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பின் நட்டைக் கழற்றி இறக்கும் பழைய ஆயில் தரைக்குப் போவதில்லை. ஆறு சிலிண்டர் இன்ஜினில் பதினைந்து லிட்டர் அளவுக்கு அது இறங்கும். அடியில் பேசின் வைத்துப் பிடித்து, கேனிலோ பேரலிலோ ஊற்றி மூடிவைக்கிறார்கள், ஏனென்றால் அதை வாங்க ஆள் வருவார். அதில் ஒரு பகுதி மறுசுத்திகரிப்புக்குப் போகிறது. மிச்சம் கருப்பு ஆயில் என்ற பெயரில், கான்கிரீட் ஒட்டாமலிருக்கச் சென்ட்ரிங் பலகையில் பூசவும், மரத்தில் கரையான் ஏறாமலிருக்கத் தடவவும் போகிறது. அதே மெக்கானிக், அதே பேசின், அதே அரைமணி நேரத்துக்குள் ஆயில் ஃபில்டரைத் திருகும்போது மட்டும் முழங்கை வரை கறுப்பு வழிகிறது; சேசிஸ், ஸ்டார்ட்டர் மோட்டார், தரை எல்லாம் நனைகின்றன. பதினைந்து லிட்டரைச் சொட்டு விடாமல் பிடித்தவருக்கு ஒரு லிட்டரைப் பிடிக்கத் தெரியாது என்று சொன்னால் நம்ப முடியுமா? சம்ப் ஆயிலுக்கு ஒரு பாத்திரமும் ஒரு வழியும் இருக்கின்றன. ஃபில்டருக்குள் இருப்பதை வாங்க யாரும் வருவதில்லை.

அந்த ஆயில் ஏன் உள்ளே நிற்கிறது என்பது இன்ஜின் வடிவமைப்போடு சேர்ந்த விஷயம். இன்ஜினை நிறுத்தியதும் ஃபில்டரிலுள்ள ஆயில் முழுவதும் சம்புக்கு இறங்கிவிட்டால், அடுத்த முறை சாவி திருப்பும்போது பேரிங்குகள் சில நொடிகள் உலர்ந்தே சுழலும். அதைத் தடுக்க, பல ஃபில்டர்களின் வாய்க்குள் ஒரு ரப்பர் வால்வு வைக்கிறார்கள். ஆயில் உள்ளே போகும், திரும்பி வராது. சம்ப் காலியான பிறகும் ஃபில்டர் நிறைந்தே இருப்பதற்குக் காரணம் இதுதான். லாரி ஃபில்டர் அளவில் பெரியது; இன்ஜினைப் பொறுத்து ஒன்று, இரண்டு லிட்டர் வரை கொள்ளும். வாய் மேலே இருக்கும்படி நேராகத் தொங்குகிற ஃபில்டர் என்றால் தளும்பாமல் இறக்க ஓரளவு வாய்ப்பு உண்டு. சாய்வாகவோ படுக்கையாகவோ பொருத்தியிருந்தால், ரப்பர் வளையம் பிடி விட்ட அதே நொடியில் கீழ் விளிம்பு வழியாக ஆயில் கொட்டத் தொடங்கிவிடும். அப்போது திருகுபவர் எவ்வளவு அனுபவசாலி என்பதெல்லாம் கணக்கில் வராது. அதனால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: முதல் சுற்றுத் திருகுவதற்கு முன்னால் ஃபில்டருக்குள் எவ்வளவு ஆயில் இருக்கிறது?

இதற்கு உலகெங்கும் உள்ள பட்டறைகள் கண்டுபிடித்த வழிகள் பல இருந்தாலும், அடிப்படையில் எல்லாம் ஒரே யோசனையைச் சுற்றுகின்றன. மூடிய பாத்திரத்திலிருந்து திரவம் இறங்க வேண்டுமானால் வேறொரு வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். இல்லையென்றால் முதலில் ஒன்றுமே வராது, பிறகு குபுக்கென்று ஒரேயடியாக வரும். கை நனைவது இந்தக் குபுக்கில்தான். ஃபில்டரின் மூடிய முனை மேலே இருந்தால் அதில் ஆணியால் ஒரு துளை போட்டால் போதும். காற்று நுழையும், ஆயிலில் ஒரு பங்கு இன்ஜினுக்குள்ளேயே இறங்கி சம்ப் வழியாகப் பேசினுக்கு வந்துவிடும். மூடிய முனை கீழே இருந்தால் அடியில் ஒரு துளை, பக்கவாட்டில் மேலே ஒரு துளை, அடியில் கேன். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: துளையிட்ட ஃபில்டரோடு வண்டி ஒரு அடி நகர முடியாது. புது ஃபில்டர் கையில் இருக்கிறதா, அது இந்த இன்ஜினுக்கான நம்பர்தானா என்று பார்த்த பிறகே ஆணியை எடுக்க வேண்டும். சுவரில் தொங்கும் நல்ல ஆலோசனைகள் பலவற்றில் இந்த ஒரு வரி விடுபட்டுப் போகிறது. துளையிட மனம் இல்லாதவர்களுக்குக் கெட்டியான பிளாஸ்டிக் பை இருக்கிறது. செயின் ஸ்பேனரால் பிடியை மட்டும் தளர்த்திவிட்டு, ஃபில்டரைப் பைக்குள் முழுக்க நுழைத்து, பைக்கு வெளியிலிருந்து கையால் திருகி, பையோடு இறக்குவது. இடுக்கான இடத்தில் இதுவே வசதி. என் மதிப்பில் பை இரண்டாம்பட்சம்தான். சிந்துவதை அது பிடிக்கிறதே தவிர, ஃபில்டரை வடிப்பதில்லை. ஆயில் நிறைந்த ஃபில்டர் ஆயில் நிறைந்த பைக்குள் பட்டறை மூலைக்குப் போகும், அங்கே பை கிழியும்.

வெப்பமும் இதில் சேரும். இன்ஜின் ஓடி நின்ற சூட்டில் ஆயில் நீர்த்து ஓடும், புகைக்கரியையும் சேர்த்து இழுத்து வரும். ஆறிப்போனால் ஃபில்டருக்குள் உள்ள தாளிலேயே தங்கிவிடும். ஆனால் மலை இறங்கி வந்து நின்ற வண்டியின் ஆயில் கையைப் பொசுக்கும். கை வைத்தால் பொறுக்கும் சூடு வரை காத்திருப்பதுதான் நடைமுறை. நைட்ரைல் கையுறை போடுவது நாசூக்குக்காக அல்ல. ஓடிய ஆயிலில் சேரும் சில வளையக் கரிமச் சேர்மங்கள் தோலுக்கு ஆகாதவை, அவற்றில் சில புற்றுநோய் தரக்கூடியவை.

ஃபில்டர் மாற்றத்தில் ஒரே தடவையில் நடக்கும் மிகப் பெரிய சிந்தல், கழற்றும்போது நடப்பதே இல்லை. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் சூட்டில் இறுகி, சில வேளை இன்ஜின் முகப்பிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை அதன் மேலேயே திருகினால், இரண்டு வளையம் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்து, பார்வைக்கு இறுகியது போலவே இருக்கும். இன்ஜின் ஓடி ஆயில் அழுத்தம் ஏறியதும் ஒரு வளையம் பிதுங்கும்; புதிதாக ஊற்றிய ஆயில் நிமிஷக் கணக்கில் சாலைக்குப் போய்விடும், இன்ஜினும் கூடவே போகலாம். தடுக்க வேண்டியதெல்லாம் பழைய ஃபில்டரைத் திருப்பிப் பார்த்து அதில் வளையம் இருக்கிறதா என்று உறுதி செய்வது, முகப்பைத் துடைப்பது, புது வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவுவது, வளையம் தொட்ட பிறகு ஃபில்டரின் மேல் அச்சிட்டிருக்கும் அளவுக்கு மட்டும் கையால் இறுக்குவது. ஸ்பேனர் போட்டு இறுக்கிய ஃபில்டர் அடுத்த முறை ஸ்பேனருக்கும் மசியாது. தகரம் முறுகிக் கிழிந்து, அடுத்த மெக்கானிக்கின் தரையைக் கறுப்பாக்கும்.

டீசல் ஃபில்டரின் கதை வேறு. ஆயில் ஃபில்டரில் இருப்பது ஓர் அளவான திரவம். டீசல் ஃபில்டருக்குப் பின்னால் ஒரு முழு டேங்க் இருக்கிறது. வண்டி சரிவில் நின்று, டேங்க் மட்டம் ஃபில்டரைவிட உயர்ந்திருந்தால், குழாயைக் கழற்றிய பிறகு டீசல் தானாக வந்துகொண்டே இருக்கும். புளியரை மேட்டில் மூக்கைத் தாழ்த்தி நிற்கும் லாரிக்கு இது நடக்கும். சமதளத்தில் அதே லாரிக்கு நடக்காது. காக் இருந்தால் மூட வேண்டும், இல்லையென்றால் ரப்பர் குழாயைக் கிளாம்ப் போட்டு நெரிக்க வேண்டும். தண்ணீர் பிரிக்கும் முன்ஃபில்டர்களில் அடியில் வடிகால் திருகு இருக்கிறது. மேலே காற்றுத் திருகைத் தளர்த்திவிட்டு அதைத் திறந்தால், தண்ணீரும் டீசலும் ஒரு பாட்டிலுக்குள் அடங்கிவிடும், பிறகு ஃபில்டர் கையோடு உலர்ந்து வரும். சாரல் மாதங்களில் டேங்கில் தண்ணீர் சேர்வது இயல்பு என்பதால், இந்த வடிகாலை மாற்றும் நாளில் மட்டுமல்லாமல் இடையிலும் திறக்க வேண்டியிருக்கிறது. ஃபில்டர் மாற்றியதும் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும், அதாவது ஏர் எடுக்கும், வேலைதான் பழைய வண்டிகளில் அதிகம் அழுக்காக்குகிறது. காற்றுத் திருகைத் தளர்த்தி, கை பம்ப்பை அடித்து, நுரை நின்று டீசல் கம்பியாக வரும்வரை அடித்துக்கொண்டே இருப்பார்கள். அத்தனை டீசலும் இன்ஜின் பக்கவாட்டில் வழியும். திருகு முனையில் உள்ளே இருப்பது தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி மறுமுனையைப் பாட்டிலில் விட்டால் நுரை தெளிவதும் கண்ணுக்குத் தெரியும், தரையும் நனையாது. இவ்வளவு சின்ன உபாயம் பரவாமல் இருப்பதற்குக் காரணம், வழிந்த டீசல் உலர்ந்துவிடும் என்ற எண்ணம். பெட்ரோல் உலரும். டீசல் எளிதில் உலராது, தாரைக் கரைக்கும். லாரிகள் வழக்கமாக நிற்கும் இடத்தில் தார் இளகிக் குழி விழுவதில் இதற்கும் பங்கு உண்டு. மழையோடு சேர்ந்தால் வளைவில் வரும் இருசக்கர வாகனத்துக்கு அந்தப் படலம் என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியே வழியாமல் பார்ப்பதும், உள்ளே தூசி போகாமல் பார்ப்பதும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள். இது பலருக்குப் பிடிபடுவதில்லை. இந்தியா முழுவதும் 2017 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-4, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்று மாசு விதிகள் இறுகியபோது, டீசலில் அனுமதிக்கும் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 ஆகக் குறைந்தது. டீசலை உயர் அழுத்தத்தில் தெளிக்கும் காமன் ரயில் இன்ஜின்கள் பரவலாகின. அவற்றின் இன்ஜெக்டருக்குள் உள்ள இடைவெளிகள் சில மைக்ரான்களே. மனிதத் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். ஜல்லி வண்டியின் சேசிஸ் மேல் படிந்திருக்கும் கல்தூசியில் ஒரு சிட்டிகை, திறந்து கிடக்கும் ஃபில்டர் முகப்பில் விழுந்தால் போதும். புது ஃபில்டரில் டீசல் ஊற்றி நிரப்பிப் பொருத்தும் பழக்கமும் இங்கேதான் சிக்கலாகிறது. நடு ஓட்டை வடிகட்டி முடித்த பக்கம். அதில் கேனிலிருந்து ஊற்றும் டீசல் எந்த வடிகட்டலும் இல்லாமல் நேரே பம்ப்புக்குப் போகிறது. அதனால்தான் காமன் ரயில் இன்ஜின் தயாரிப்பாளர்கள் பலர், நிரப்பாமல் பொருத்திவிட்டுக் கை பம்ப்பால் டீசலை ஏற்றச் சொல்கிறார்கள். நிரப்பிய ஃபில்டரைத் தளும்பத் தளும்பத் தூக்கிப் பொருத்தும் வேலையும் அதோடு மிச்சம். கழற்றுவதற்கு முன் ஃபில்டரைச் சுற்றித் துடைப்பதும், கழற்றிய வாயை உடனே மூடுவதும் இன்ஜினுக்காகச் செய்வதுதான். தரை சுத்தம் அதன் உபபலன். வண்டி முதலாளியிடம் ஆறு கெடுவதைப் பற்றிப் பேசுவதைவிட இன்ஜெக்டர் விலையைப் பற்றிப் பேசுவது சீக்கிரம் பலன் தரும் என்பது என் எண்ணம்.

சிந்திய பிறகு என்ன செய்வது என்பதில்தான் பட்டறைகளின் புத்திசாலித்தனமெல்லாம் செலவாகிறது. மணல், மரத்தூள், பனியன் வேஸ்ட், தென்னைநார்க் கழிவு எல்லாமே ஆயிலை உறிஞ்சும். இந்தப் பகுதியில் தென்னைநார்க் கழிவுக்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் உறிஞ்சியது மறைவதில்லை, கூட்டி அள்ளிய குவியலுக்கு இடம் மாறுகிறது. குவியல் பெரும்பாலும் பட்டறைக்குப் பின்புறம் போகும். அதைவிட மோசம் சோப்புத் தண்ணீர். தண்ணீர் மேல் மிதக்கும் ஆயிலை ஒரு தொட்டியில் தேக்கி மேலாக வழித்தெடுக்கலாம்; சோப்பு சேர்ந்ததும் அது நுண்துளிகளாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிடுகிறது, தொட்டியும் பயனற்றுப்போகிறது. தரை பளிச்சென்று ஆவதும் ஓடை கெடுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. டீசல் தெளித்துச் சேசிஸைக் கழுவிப் பிறகு தண்ணீர் அடிக்கும் வாட்டர் சர்வீஸ் முறை, ஒரு லிட்டர் அழுக்கைப் போக்க இன்னொரு லிட்டர் அழுக்கைச் சேர்க்கிறது.

இந்த ஊர்களில் தண்ணீர் எங்கே போகிறது என்பது மறைவான விஷயம் அல்ல. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைத் தொட்டுக்கொண்டு கிழக்கே ஓடி, அனுமன் நதி, கருப்பா நதி போன்றவற்றைச் சேர்த்துக்கொண்டு, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. வழியெல்லாம் அணைக்கட்டுகளும் குளங்களும் வயல்களும். குற்றால அருவிகளில் குளிப்பவர்கள் எண்ணெயும் சோப்பும் ஷாம்புவும் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. நியாயமான தடை. அருவியில் தலைக்குத் தேய்க்கும் நல்லெண்ணெய்க்குக் காவலர் நிற்கிறார். அருவியிலிருந்து சில கிலோமீட்டர் கீழே அதே ஆற்றுக்குச் சரியும் சாலையோரத்தில் வடியும் இன்ஜின் ஆயிலை யாரும் பார்ப்பதில்லை. சீசன் கூட்டத்தின் கண்ணில் படும் அழுக்கும் படாத அழுக்கும் வேறு வேறு அளவுகோலால் எடைபோடப்படுகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பயன்படுத்திய ஆயிலை அபாயகரக் கழிவாகவே பட்டியலிடுகின்றன. 2023இல் கொண்டுவந்த திருத்தம், ஆயில் உற்பத்தியாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் மறுசுழற்சிப் பொறுப்பைச் சுமத்தி, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நல்ல திசைதான், ஆனால் இதன் மையம் பேரல். ஃபில்டருக்குள் நிற்கும் ஆயில் பேரலுக்கு வந்தால்தான் இந்தக் கணக்குக்குள் நுழையும். அமெரிக்க விதி இந்த இடத்தைத் தனியாகக் கவனித்திருக்கிறது. ஈயப் பூச்சு இல்லாத ஃபில்டரைத் துளையிட்டுச் சூட்டோடு வடித்தாலோ, வடித்து நசுக்கினாலோ, பிரித்து வடித்தாலோ அது அபாயகரக் கழிவு என்ற பட்டியலிலிருந்து விலக்கு பெறுகிறது. குறைந்தது 12 மணி நேரம் வடிய விட வேண்டும் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பரிந்துரை. தண்டனைக்குப் பதிலாக விலக்கை வைத்து வழிக்குக் கொண்டுவரும் இந்த உத்தி இங்கேயும் எடுபடும். வடித்த ஃபில்டர் என்பது பழைய இரும்புக்கடைக்கு நேராக விற்கக்கூடிய தகரம். வடிக்காதது கடைக்காரருக்கும் தலைவலி. ஃபில்டர் எப்படியும் இரும்புக்கடைக்குத்தானே போகிறது, இதில் என்ன கவலை என்று கேட்பவர்களுக்குப் பதிலும் இதில் இருக்கிறது: வடிக்காமல் போனால் வடிவது நிற்பதில்லை, இரும்புக்கடைத் தரையில் வடியும்.

மறுப்புகளில் கனமானது நேரம். வாடகைக்கு ஓடும் லாரி நிற்கும் ஒவ்வொரு மணியும் நஷ்டம். மெக்கானிக்குக் கூலி வேலைக்கு, மணிக்கு அல்ல. உண்மைதான். துளை போட்டு வடிய விட அரைமணி பிடிக்கலாம். ஆனால் சம்ப் ஆயில் இறங்கக் காத்திருக்கும் நேரம் எப்படியும் இருக்கிறது. ஃபில்டரை அதற்கு முன்பே துளையிட்டுவிட்டால் இரண்டும் சேர்ந்தே வடியும். கூடுதல் நேரம் தேவையில்லை, வரிசை மாறினால் போதும். 12 மணி நேர வடிப்பு வண்டிக்கு அல்ல, கழற்றிய ஃபில்டருக்கு. பேரல் மேல் ஒரு கம்பி வலை போட்டுக் கவிழ்த்து வைத்தால் இரவு முழுக்க அது தன் வேலையைப் பார்க்கும். இரண்டாவது மறுப்பு, பிஎஸ்-6 வண்டிகளெல்லாம் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போகின்றன, சாலையோரப் பட்டறையின் காலம் முடிகிறது என்பது. புது வண்டிக்கு, வாரண்டி உள்ளவரை, அது சரி. மலைச்சாலையில் பாரம் இழுப்பவற்றில் பழையவையும் நிறைய; வாரண்டி முடிந்த புதியவை அவற்றோடு சேர்ந்துகொண்டே இருக்கும். மூன்றாவது, ஒரு லிட்டருக்கு இவ்வளவு பேச்சா என்பது. ஒரு முறை ஆயில் மாற்றத்தில் வெளியேறும் ஆயில் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்று அமெரிக்க முகமை சொல்லிவருவதை இதற்குப் பதிலாக எடுத்துக்காட்டுவது வழக்கம். அந்தக் கணக்கை நான் அதிகம் நம்பியிருக்க விரும்பவில்லை. குடிக்கத் தகுதியற்றுப்போவதும் ஆறு சாவதும் ஒன்றல்ல. ஒரே பட்டறையின் அதே நாலடித் தரையில், ஆண்டுக்கணக்கில், வண்டி வண்டியாக விழும் லிட்டர்களைக் கூட்டிப் பார்த்தாலே போதுமானது. அந்தத் தரைக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு கிணறோ ஆழ்துளையோ இருக்கிறது.

நடுவழியில் டீசல் அடைத்து நிற்கும் வண்டிக்கு மட்டும் இந்த வாதம் முழுசாகப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கோட்டைவாசல் வளைவில், மழையில், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது யாரும் கம்பி வலை தேடமாட்டார்கள். அங்கே ஓட்டுநரிடம் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: வண்டிக்குரிய ஒரு டீசல் ஃபில்டர், வாய் அகலமான மூடி போட்ட ஒரு கேன், கெட்டிப் பை இரண்டு, குழாயை நெரிக்க ஒரு கிளாம்ப், ஒரு முழம் உள்தெரியும் பிளாஸ்டிக் குழாய், கொஞ்சம் பனியன் வேஸ்ட். இத்தனையும் சீட்டுக்கு அடியில் அடங்கும். ஆயில் ஃபில்டருக்கு அந்த அவசரம் கிடையாது. கிலோமீட்டர் கணக்கு வைத்து, கீழே செங்கோட்டையிலோ தென்காசியிலோ சிமெண்ட் தரையும் கூரையும் உள்ள இடத்தில், லோடுக்காகக் காத்திருக்கும் பொழுதில் மாற்றிக்கொள்ளலாம். அப்படி ஒரு கூரையும் ஒரு பேரலும் லாரிகள் வழக்கமாக நிற்கும் இடங்களில் இருந்தால், மலைமேல் கழற்றிக் கேனில் வந்து சேரும் டீசலுக்கும் ஓர் இடம் கிடைக்கும்.